தாங்கும் என்று சொன்ன ரப்பர்

மாதனூர்
9 ஜூன் 2025

மதிப்பிற்குரிய ரஷீத் சார் அவர்களுக்கு,

முன்பின் பேசியிராத ஒருவருக்கு இப்படிக் கடிதம் எழுதுவது சரியில்லை என்று தெரியும். மன்னிக்க வேண்டும். உங்களுக்குப் போன் செய்ய மூன்று முறை எண்ணை அழுத்தினேன். மூன்று முறையும் மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். எனக்குப் பேச வராது. எழுதினால் ஓரளவு வரும்.

என் பெயர் பூரணி. உங்கள் இத்தாலி காரைப் பார்த்துவந்த மெக்கானிக் நாகேந்திரனின் தங்கை. நீங்கள் பட்டறைக்கு வந்தால் டீயைக் கொண்டுவந்து பெஞ்சின் ஓரத்தில் வைத்துவிட்டு உள்ளே ஓடுகிறவள். ஒருமுறை "என்னம்மா படிக்கிறே?" என்று கேட்டீர்கள். பதில் சொல்லாமல் போய்விட்டேன். வேதியியல் சார். பி.எஸ்சி. முடித்துவிட்டேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இப்போது ஆம்பூர் பக்கம் ஒரு பாதுகாப்புக் காலணிக் கம்பெனியில், பரிசோதனைக் கூடத்தில் வேலை.

அந்தச் சிவப்பு வண்டி எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டே இருக்கை, துணிக் கூரை. அதன் சாமான்களுக்காக அண்ணன் அலைந்த இடங்களும் தெரியும். கிளட்ச் பிளேட் சென்னைப் புதுப்பேட்டையில் ஒரு பழைய 118 மாடல் டாக்ஸியிலிருந்து கழற்றியது. கண்ணாடி ஏற்றும் கைப்பிடி கோட்டயத்திலிருந்து கூரியரில் வந்தது. அது வந்த அன்று அண்ணன் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலேயே அதை வைத்துக்கொண்டு சாப்பிட்டார்.

ஜனவரி இருபத்து மூன்றாம் தேதி காலை அந்த வண்டி, மாதனூர் நிறுத்தத்தில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றவர்கள் மேல் ஏறியது. எழிலரசி அக்காவின் இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. அக்காவும் நானும் ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர்கள்.

ஒரு கேள்வி மட்டும் கேட்கிறேன். முந்தின நாள் மாலை வண்டியை எடுத்துக்கொண்டு பள்ளிகொண்டா வரை ஓட்டிப் பார்த்தீர்கள் என்று அண்ணன் சொன்னார். அப்போது கருகிய வாசனை ஏதாவது வந்ததா? யாரோ பின்னாலிருந்து பிடித்துக்கொண்டது போல வண்டி இழுத்ததா?

பதில் எழுதுவதானால் கீழே உள்ள கம்பெனி முகவரிக்கு எழுதுங்கள். நான் எழுதுவது அண்ணனுக்குத் தெரியாது.

பூரணி

வேலூர்
17 ஜூன் 2025

பூரணிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தமிழில் கடிதம் எழுதி இருபது வருடம் இருக்கும். தோல் வியாபாரத்தில் எழுதியதெல்லாம் ஆங்கிலத்தில், சரக்கு வந்தது, சரக்கு சரியில்லை என்ற இரண்டே வகை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

லாங் பஜாருக்குப் பின்னால் என் மகள் குர்ஷித் வீட்டு மாடியில் இருக்கிறேன். ஆம்பூர் வீடு பூட்டிக் கிடக்கிறது. சாவிகள் எல்லாம் குர்ஷித்திடம். எனக்குத் தண்ணீர் கொடுத்தால் டம்ளரைப் பாதிதான் நிரப்புகிறாள், கொட்டிவிடுவேனாம். "நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்ப்பா, சும்மா ஒக்காந்திருந்தாலே போதும்" என்கிறாள். உட்கார்ந்திருக்கிறேன்.

உன் அண்ணனை நான் திட்டியது உனக்குத் தெரிந்திருக்கும். போலிச் சாமான் போட்டு ஏமாற்றினாய், பிரேக் பிடிக்கவில்லை என்று சொன்னேன். அவன் சொன்னான்: "வயசான காலத்துல எந்தக் காலு எங்க இருக்குன்னு தெரியாம மிதிச்சிட்டு எம் மேல போடாதீங்க பாய்." அதோடு பேச்சு முறிந்தது. மறுநாள் வண்டியைச் சோதிக்க வந்த அதிகாரி பிரேக்கை மிதித்துப் பார்த்தார். பிடித்தது. அப்படியே எழுதிக்கொண்டு போனார்.

குர்ஷித், வக்கீல், ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தவர்கள், எல்லாருக்கும் ஒரே பேச்சு. பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்திருப்பேனாம். முதலில் சண்டை போட்டேன். இப்போது போடுவதில்லை. கட்டிலில் உட்கார்ந்தபடி வலது காலைத் தூக்கித் தரையில் அழுத்திப் பார்க்கிறேன். அன்றைக்கு எந்த மிதி என்று காலுக்கு ஞாபகம் இல்லை. அறுபத்தெட்டு வயதுக் காலை யார் நம்புவார்கள்? நானே நம்பவில்லை.

ஆகவே உன் அண்ணனிடம் சொல். ரஷீத் பாய் சொன்னது தப்பு, மன்னிப்புக் கேட்கிறார் என்று சொல். ஆகஸ்ட் நாலாம் தேதி கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறேன்.

வாசனை பற்றிக் கேட்டாய். ஞாபகம் இல்லை.

ரஷீத் அஹமது

மாதனூர்
25 ஜூன் 2025

மதிப்பிற்குரிய ரஷீத் சார் அவர்களுக்கு,

நீங்கள் சொல்லச் சொன்னதை நான் அண்ணனிடம் சொல்லவில்லை. உங்கள் மன்னிப்பை அவரிடம் கொண்டுபோய்க் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. ஏன் என்று எழுதுகிறேன்.

டிசம்பர் கடைசியில் உங்கள் வண்டியின் பிரேக் மாஸ்டர் சிலிண்டர், மிதித்தால் ஆயிலை அழுத்தி அனுப்புவது, கசிந்தது. உள்ளே இருக்கும் இரண்டு ரப்பர் கப்பும் தேய்ந்துவிட்டன. இத்தாலியிலிருந்து வரவேண்டிய புது செட் கஸ்டம்ஸில் நின்றுபோயிற்று. 118-இன் கப் ஒரு மில்லிமீட்டர் சிறியது. உங்களுக்கு வண்டியை விற்றுவிட்டுப் போன நண்பர் இருபத்தாறு வருடம் கழித்துச் சென்னைக்கு வருகிறார், அவரை அதே வண்டியில்தான் கூட்டிவருவேன் என்று நீங்கள் தினமும் போன் செய்தீர்கள். போன் மணி அடித்தாலே அண்ணன் "பாயி" என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொள்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய கப்பைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"உங்க கம்பெனில எண்ணெய் தாங்குற ரப்பர் இருக்குன்னு சொன்னியே. அதுல இத செய்யலாமா?"

"எதுக்குண்ணா?"

"பாய் வண்டிக்கு. பிரேக் ஆயில்லயே ஊறிக் கெடக்கும். தாங்குமா?"

தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். எங்களிடம் இருப்பது ஆயில் படும் இடங்களில் வேலை செய்கிறவர்களின் ஷூவுக்கான சோல் ரப்பர். அதை மெஷின் எண்ணெயில் ஒரு நாள் ஊறவைத்து எடை பார்ப்போம். இரண்டு சதவீதம்கூட ஊதாது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் எங்கள் வீட்டில் மருந்துச் சீட்டிலிருந்து பட்டா வரை எல்லாவற்றையும் என்னிடம் நீட்டுவார்கள். தெரியாது என்றால் அம்மாவின் முகம் மாறும், மூன்று வருடம் பஸ் ஏறிப் போய்வந்தது இதற்குத்தானா என்பது போல. அதனால் தெரியாதவற்றுக்கும் தெரிந்தது போலப் பதில் சொல்லப் பழகியிருந்தேன். அதுவரை எதுவும் தவறாகவில்லை.

"தாங்கும்ணா" என்றேன்.

அண்ணன் திருப்பிக் கேட்கவில்லை. பரிசோதனை முடிந்து குப்பைக்குப் போகும் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தேன். லேத்தில் கடைந்து நான்கு கப் செய்தார். இரண்டு உங்கள் வண்டிக்குப் போயின. இரண்டு என்னிடம் இருந்தன.

மே மாதம் வேறொரு வேலைக்காக ரப்பர் அட்டவணையைப் புரட்டினேன். மெஷின் எண்ணெய்க்கு நேரே நல்லது என்று போட்டிருந்த அதே ரப்பருக்கு, பிரேக் ஆயிலுக்கு நேரே ஆகாது என்று போட்டிருந்தது. இரண்டும் வேறு வேறு குடும்பத்துத் திரவங்கள். மீதி இருந்த கப் ஒன்றைப் பிரேக் ஆயில் பாட்டிலுக்குள் போட்டு மூடிவைத்தேன். ஐந்தாம் நாள் திறந்தேன். பாட்டில் வாய் வழியாக உள்ளே போன கப் வெளியே வரவில்லை.

இப்படி ஊதிய கப் சிலிண்டருக்குள் இறுகிக்கொண்டால், மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் பிரேக் முழுதாக விடாது. தேய்ந்துகொண்டே வண்டி ஓடும். சக்கரம் சூடேறும், ஆயில் கொதிக்கும். கொதித்த பிறகு மிதி தரை வரை போகும், பிடிக்காது. ஆறினால் மறுபடி பிடிக்கும். அதிகாரி மிதித்தது மறுநாள்.

பூரணி

வேலூர்
2 ஜூலை 2025

பூரணி,

ஐந்து மாதமாக என் மகள் என்னைச் சின்னக் குழந்தை மாதிரி மாடிப்படியில் கைபிடித்து இறக்குகிறாள். நீ அங்கே பாட்டிலைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய்.

உன் பெயரைச் சொல்லாமல் வக்கீலிடம் கேட்டேன். அவர் சொன்னது இது: ரப்பரும் கெட்டிருக்கலாம், நீங்களும் தப்பான மிதியை மிதித்திருக்கலாம், ரெண்டும் நடந்திருக்கலாம் பாய். சரிதானே? பாட்டிலுக்குள் ஊதிய ரப்பர் என் காலுக்குச் சாட்சி சொல்லுமா?

ஒருவன் தன்னையே நம்பாமல் போவது என்னவென்று உனக்குத் தெரியாது. பாதி ஆறின புண்ணைக் கிளறிவிட்டாய். இனி எழுதாதே.

ரஷீத் அஹமது

மாதனூர்
8 ஜூலை 2025

மதிப்பிற்குரிய ரஷீத் சார் அவர்களுக்கு,

எழுதாதே என்றீர்கள். மறுபடியும் மன்னிக்க வேண்டும். இதைப் படித்த பிறகு கிழித்துப் போட்டுவிடுங்கள்.

அன்றைக்குக் காலை ஆறே காலுக்கு நானும் அந்த நிறுத்தத்தில் நின்றேன். பனி இருந்தது, ஆனால் கண் தெரியாத பனி இல்லை. எழிலரசி அக்கா வழக்கம் போல என்னைச் சீண்டிக்கொண்டிருந்தார். "இன்னா காலேஜு, இன்னிக்காவது வாயத் தொறப்பியா? பஸ்ஸு வர்றதுக்குள்ள ஒரு வார்த்த பேசு, டீ வாங்கித் தர்றேன்." நான் சிரித்தேன். அவ்வளவுதான்.

போலீஸ் தடுப்புக்கு முன்னால் லாரி ஒன்று வேகம் குறைத்து நின்றது. அதன் பின்னால் வந்த உங்கள் வண்டி நிற்காமல் இடது பக்கம் ஒடித்தது. லாரியில் மோதாமல் இருக்கத்தான் திருப்பினீர்கள் என்று நினைக்கிறேன். நான் வேப்பமரத்தை ஒட்டி நின்றதால் என்னைத் தாண்டிப் போயிற்று. தாண்டியபோது அதன் பின்பக்கத்தைப் பார்த்தேன்.

பட்டறையில் அண்ணன் பல்பு மாற்றினால், வண்டிக்குப் பின்னால் நிற்பது என் வேலை. அவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிப்பார். நான் "எரியுது" என்பேன். காலை எடுப்பார். "அணைஞ்சிடுச்சு" என்பேன். பட்டறையில் நான் சத்தமாகப் பேசிய இரண்டு வார்த்தைகள் அவைதான். சும்மா எரியும் மங்கல் சிவப்பும், மிதித்தால் எரியும் சிவப்பும் எனக்குக் குழம்பாது.

எரிந்துகொண்டிருந்தது சார். என்னைத் தாண்டும்போதும் எரிந்தது. அக்கா மேல் மோதும்போதும் எரிந்தது. டீக்கடைச் சுவரில் போய் முட்டிய பிறகும் எரிந்தது. நீங்கள் கதவைத் திறந்துகொண்டு இறங்கியபோதுதான் அணைந்தது. நீங்கள் மிதித்தது பிரேக். கடைசி வரைக்கும் காலை எடுக்கவில்லை.

அன்றைக்கே போலீசார் நின்றவர்களையெல்லாம் கேட்டார்கள். "நீ இன்னாம்மா பாத்தே?" என்று என்னையும் கேட்டார்கள். ரப்பர் பற்றி அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பிரேக் பிடிக்கவில்லை என்றால் அது அண்ணன் தலையில் விழும் என்று தெரியும். அதற்குள் வந்துவிட்ட அண்ணன் என் பக்கத்தில் நின்றார். "பனியா இருந்திச்சு சார், தெரியல" என்றேன்.

பூரணி

வேலூர்
19 ஜூலை 2025

அம்மா பூரணி,

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. குர்ஷித்துக்குத் தமிழ் எழுத்து அவ்வளவாக ஓடாது. ஆகவே உரக்கப் படித்தேன். 'எரிந்துகொண்டிருந்தது' என்ற இடத்தில் என்னால் மேலே படிக்க முடியவில்லை. அவள் வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தாள். எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். டம்ளர் விளிம்பு வரை இருந்தது. கொட்டாமல் குடித்தேன்.

இனி என் முறை. உன் முதல் கடிதத்தின் கேள்விக்கு ஞாபகம் இல்லை என்று எழுதினேன். பொய்.

வாசனை வந்தது. கருகின வாசனை. பள்ளிகொண்டா கோயில் திருப்பத்தில் வண்டியை நிறுத்தி இறங்கி, முன் சக்கரத்தைத் தொட்டேன். விரல் சுட்டது. உன் அண்ணனுக்குப் போன் செய்தேன். "சக்கரம் சூடாவுதா? அப்டின்னா சென்னைக்கு எடுக்காதீங்க பாய். ஆற வச்சு மெதுவா வீட்டுக்குப் போங்க. நாளைக்கு நானே வந்து பாத்துட்டு உடறேன்" என்றான். சரி என்றேன். காலையில் அவன் வருவதற்கு முன்னால் கிளம்பிவிட்டேன்.

நண்பர் கார்லோவின் விமானம் பதினொரு மணிக்கு. வீட்டில் வேறு கார் இருந்தது. டிரைவரும் இருந்தார். இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் அந்த வண்டியின் சாவியைக் கொடுத்தபோது, "இந்த ஊரில் இதைக் காப்பாற்ற முடியாது ரஷீத், இரண்டு வருடம் ஓடினால் அதிகம்" என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லத்தான் போனேன். அவ்வளவுதான் காரணம். இதற்கு ஒரு பெண்ணின் கால்.

என் காலை நம்பாமல் போனேன் என்று உனக்கு எழுதினேன். அது ஒருவகையில் வசதியாகவும் இருந்தது. கிழவனுக்குத் தடுமாறிவிட்டது என்றால் பாவம். சூடு தெரிந்தும் ஓட்டினான் என்றால் அது வேறு. அந்த போனைப் பற்றி உன் அண்ணன் ஏன் போலீசில் சொல்லவில்லை என்று யோசித்திருக்கிறேன். இப்போது புரிகிறது. சொன்னால் ஏன் சூடானது என்று கேட்டிருப்பார்கள்.

அந்தப் பெண் வீட்டுக்கு நான் போனதில்லை. ஒருமுறை ஆள் மூலம் பழக்கூடை அனுப்பினேன். கூடையை வாங்கி வைத்துவிட்டு, "அனுப்பினவரு எங்க?" என்று கேட்டாளாம். அதற்குப் பிறகு எதுவும் அனுப்பவில்லை. அவள் எப்படி இருக்கிறாள் என்று நீ ஒரு வரிகூட எழுதவில்லை.

நாலாம் தேதி கோர்ட்டில் சூட்டைப் பற்றி நானே சொல்லிவிடுவேன். உன் பெயர் என் வாயிலிருந்து வராது. சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

ரஷீத் அஹமது

ஆம்பூர்
28 ஜூலை 2025

மதிப்பிற்குரிய ரஷீத் சார் அவர்களுக்கு,

முகவரி மாறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இது வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி. ஒரு அறையில் நான்கு பேர். எல்லாரும் ஷூ கம்பெனிப் பெண்கள்தான்.

அண்ணனிடம் சொல்லிவிட்டேன். பட்டறையில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து, பாட்டிலைக் கொண்டுபோய் பெஞ்சில் வைத்தேன். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தார். குலுக்கிப் பார்த்தார். அப்புறம் "நீ படிச்சவ. நீ தாங்கும்னே. நான் போட்டேன்" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். நான் வாக்குமூலம் எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்றதும் பட்டறையின் ஷட்டரை இறக்கிவிட்டு வெளியே போனார். அம்மா என் துணிகளை மடித்துப் பையில் வைத்தார். போ என்று சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. ஷட்டர் அதற்குப் பிறகு திறக்கவில்லை என்று கேள்வி.

இத்துடன் என் வாக்குமூலத்தின் நகல் இருக்கிறது. ரப்பரைக் கொடுத்தது நான், தாங்கும் என்று சொன்னது நான், விளக்கு எரிந்ததைப் பார்த்தும் தெரியவில்லை என்றது நான். மூன்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அசல், பாட்டில், ஊறாத நான்காவது கப் எல்லாவற்றையும் சனிக்கிழமை உங்கள் வக்கீலின் அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். அண்ணனுக்கும் இதனால் வழக்கு வரும் என்றார். எனக்கும் வரும் என்றார். கம்பெனியிலும் சொல்ல வேண்டியிருக்கும். சொல்வேன்.

அக்காவைப் பற்றிக் கேட்டீர்கள். வாரம் ஒருமுறை போய்ப் பார்க்கிறேன். தையல் பிரிவிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் ஷூ மேல்பாகங்களில் நூல் பிசிறு வெட்டுகிறார். மடியில் ஒரு குவியல், பக்கத்தில் ஒரு குவியல். பழைய மாதிரியே பேசுகிறார். எங்கள் கம்பெனியிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பும் சாம்பிள் ஷூ ஜோடியாகப் போகாது, வலது காலுக்கு மட்டும்தான் செய்வோம். போன வாரம் என்னைப் பார்த்ததும், "சாம்பிள் எல்லாம் ஒத்தக் காலுதானே காலேஜு, இனிமே அத எனக்கே குட்த்துடச் சொல்லு. அளவுகூட எடுக்க வேணாம்" என்றார். நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. கத்தரிக்கோல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு முறையும் நான் கிளம்பும்போது அக்கா ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார். "அந்தாளு ஏன் புள்ள பிரேக்கு போடல? நான் நிக்கிறது அவருக்குத் தெரியலியா?" ஆறு மாதமாகக் கேட்கிறார். செருப்பு மாட்டுகிற சாக்கில் நான் குனிந்துகொள்கிறேன்.

பூரணி

கையெழுத்துப் போட்ட பிறகு கீழே எழுதுவது முறையில்லை. மன்னிக்க வேண்டும். முதல் கடிதத்திலிருந்தே இதைக் கேட்க நினைத்துக் கேட்காமல் இருந்தேன். வாக்குமூலம் இதற்கான கூலி அல்ல. நீங்கள் மறுத்தாலும் அது அங்கேயேதான் இருக்கும்.

கோர்ட்டில் தெரிவதற்கு முன்னால் அக்காவுக்கு நேரில் சொல்ல வேண்டும். எழுதிக் கொடுக்கலாம் என்று பார்த்தேன். அக்காவுக்குப் படிக்க வராது. வாயால்தான் சொல்ல வேண்டும். தனியாகப் போனால் மறுபடியும் செருப்பைப் பார்த்துக் குனிந்துகொள்வேன் என்று எனக்குத் தெரியும்.

மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. வேலூரிலிருந்து ஆம்பூர் வரும் பஸ் மாதனூரில் நிற்கும். காலை பத்து மணிக்கு அந்த நிறுத்தத்தில், வேப்பமரத்துக்குப் பக்கத்தில் நிற்பேன். அங்கே இறங்குவது உங்களுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அக்கா வீட்டில் நீங்கள் எதுவும் பேச வேண்டாம். நான் சொல்லி முடிக்கும் வரை எழுந்து போகாமல் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பீர்களா?